பன்னிரண்டு காலி நாற்காலிகள்: 1980 மக்களவைத் தேர்தலும் அஸ்ஸாமும்

1980 ஜனவரி 3, 6 ஆகிய நாட்களில் நடைபெற்ற ஏழாவது மக்களவைத் தேர்தல் நம் பொது நினைவில் ஒரே வரியாகச் சுருங்கிக் கிடக்கிறது: ஜனதா ஆட்சி சிதறியது, இந்திரா காந்தி 353 இடங்களுடன் மீண்டும் வந்தார். தேர்தல் வரலாற்று நூல்கள் பலவும் இந்த வெற்றியின் காரணங்களை ஆராய்வதோடு நின்றுவிடுகின்றன. அதே தேர்தலில், இந்திய ஒன்றியத்தின் ஒரு மாநிலத்தில், மொத்தமுள்ள 14 தொகுதிகளில் 12 தொகுதிகளில் தேர்தலே நடைபெறவில்லை என்ற செய்தி அடிக்குறிப்பாகக்கூடப் பல இடங்களில் இடம்பெறுவதில்லை. அந்த மாநிலம் அஸ்ஸாம்.

வெள்ளமோ போரோ இத்தேர்தலை நிறுத்தவில்லை. நிறுத்தியது ஓர் ஆவணம்: வாக்காளர் பட்டியல். தேர்தல்களைப் பற்றிப் பேசும்போது வேட்பாளர்களையும் கட்சிகளையும் வாக்கு விழுக்காடுகளையும் பேசுகிறோம். இவை அனைத்துக்கும் முன்னால் எழுதி முடிக்கப்பட வேண்டிய ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கிறது. அதில் யார் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது, அதை முடிவு செய்பவர் யார் என்ற மூன்று வினாக்களுக்கும் பொதுவான ஒரு விடை கிடைக்காதபோது மக்களாட்சி எப்படி முடங்குகிறது என்பதற்கு 1980ஆம் ஆண்டின் அஸ்ஸாம் மிகத் துல்லியமான சான்று. 2025ஆம் ஆண்டு பீகாரில் தொடங்கித் தமிழ்நாடு வரை வந்து சேர்ந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் காலத்தில் இவ்வரலாற்றை மீண்டும் படிப்பது பயனுடையது என்று கருதுகிறேன்.

சட்டம் சொல்வதிலிருந்து தொடங்குவோம். அரசமைப்புச் சட்டத்தின் 326ஆம் பிரிவு வயதுவந்த குடிமக்கள் அனைவருக்கும் வாக்குரிமை வழங்குகிறது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், இந்தியக் குடிமகன் அல்லாதவர் வாக்காளராகப் பதிவுசெய்யத் தகுதியற்றவர் என்கிறது. வயதும், தொகுதியில் வழக்கமாக வசிப்பதும் ஏனைய நிபந்தனைகள். வயதையும் வசிப்பிடத்தையும் ஒரு தேர்தல் பதிவு அலுவலர் ஓரளவு எளிதில் சரிபார்த்துவிடலாம். குடியுரிமை அப்படிப்பட்டதன்று. பிறப்புச் சான்றிதழ் என்பதே நாட்டுப்புறத்தில் அரிதாக இருந்த காலம் அது. பிரிவினையில் எல்லை மாறிய ஒரு நிலத்தில், ஆற்றின் கரை ஆண்டுதோறும் அரிக்கப்பட்டு ஊர்களே இடம்பெயரும் பள்ளத்தாக்கில், ஓர் உழவர் தாம் எந்த நாட்டின் குடிமகன் என்பதை எந்தத் தாளைக் காட்டி மெய்ப்பிப்பார்? மெய்ப்பிக்க வேண்டியவர் அவரா, ஐயம் எழுப்புபவரா? சட்டம் இந்த வினாவை முழுமையாக எதிர்கொள்ளாமல் விட்டிருந்தது. அந்த இடைவெளியில்தான் அஸ்ஸாமின் தேர்தல் விழுந்தது.

இந்த இடைவெளி அஸ்ஸாமில் மட்டும் ஏன் இத்தனை ஆழமாகியது? விடை நூற்றைம்பது ஆண்டு வரலாற்றில் இருக்கிறது. 1826ஆம் ஆண்டின் யாண்டபோ உடன்படிக்கைக்குப் பின் பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. தேயிலைத் தோட்டங்களுக்கு மத்திய, கிழக்கு இந்தியாவின் பழங்குடி மக்கள் கொண்டுவரப்பட்டனர். அரசு அலுவலகங்களுக்குக் கல்வி கற்ற வங்காளிகள் வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, மக்கள் நெருக்கம் மிகுந்த கிழக்கு வங்காளத்தின் மைமன்சிங் முதலிய மாவட்டங்களிலிருந்து நிலமற்ற உழவர்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள், ஆற்றுப்படுகைகளிலும் காட்டு ஓரங்களிலும் குடியேறினர். நிலவரி பெருகும் என்பதால் ஆட்சியாளர் இதை வரவேற்றனர். பூசல்கள் எழுந்தபோது, குடியேறுவோர் தாண்டக் கூடாத கோடுகளை ஊர்தோறும் வரைந்தனர். 1920இல் நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாட்டின் பெயரே ‘கோட்டு முறை’. அதாவது, ‘எதுவரை வரலாம்’ என்ற வினா விடுதலைக்கு முன்பே அங்கு நிலத்தின் மீது எழுதப்பட்டிருந்தது.

1947 ஜூலையில் நடந்த பொதுவாக்கெடுப்பின் வழி சில்ஹட் மாவட்டத்தின் பெரும்பகுதி பாகிஸ்தானுக்குச் சென்றது. அதன் பின்னர் இந்து அகதிகள் அலை அலையாக வந்தனர். 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது மீண்டும் பெருந்திரளாக மக்கள் எல்லை கடந்தனர். 1961க்கும் 1971க்கும் இடையில் நாட்டின் மக்கள்தொகை ஏறக்குறைய 25 விழுக்காடு வளர்ந்தபோது, அஸ்ஸாமில் அது ஏறக்குறைய 35 விழுக்காடாக இருந்தது. அஸ்ஸாமிய மொழி பேசுவோரின் அச்சத்துக்கு இந்த எண் ஓர் அடிப்படையைத் தந்தது. சொந்த மாநிலத்தில் தங்கள் மொழியும் நிலமும் அரசியலும் பிறர் கைக்குப் போய்விடும் என்ற அச்சம் அது. அதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த எண்ணுக்குள் ஒருவரோடொருவர் கலந்து கிடந்தவர்கள் மூன்று வகையினர்: மூன்று தலைமுறைகளாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், பிரிவினையின் அகதிகள், அண்மையில் எல்லை கடந்தவர்கள். பட்டியலில் மூவரின் பெயர்களும் ஒன்றுபோலவே ஒலித்தன. சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருந்தது.

1977 மக்களவைத் தேர்தலில் அஸ்ஸாமின் 14 இடங்களில் காங்கிரஸ் 10 இடங்களையும் ஜனதா கட்சி 3 இடங்களையும் வென்றன. ஜனதா வென்ற தொகுதிகளில் ஒன்று மங்கல்தோய். அதன் உறுப்பினர் ஹீராலால் பட்வாரி 1979 மார்ச்சில் காலமானார். இடைத்தேர்தலுக்காக வாக்காளர் பட்டியலைத் திருத்தும் பணி தொடங்கியது. பட்டியலில் உள்ள பல பெயர்கள் வெளிநாட்டவருடையவை என்று பல்லாயிரக்கணக்கான ஆட்சேபணைகள் குவிந்தன. விசாரிக்கப்பட்டவற்றில் கணிசமான பகுதி ஏற்கவும்பட்டது. ஒரே தொகுதியில் இப்படியென்றால் பதினான்கிலும் எப்படி இருக்கும் என்ற வினா குவாஹாத்தியின் தேநீர்க் கடைகள் முதல் மாணவர் விடுதிகள்வரை பரவியது.

அந்த வினாவுக்குத் தீனி போட்டது உயர்ந்த இடத்திலிருந்து வந்த ஒரு கூற்று. 1978ஆம் ஆண்டு நம் உதகமண்டலத்தில் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிகளின் மாநாடு ஒன்று நடைபெற்றது. அதில் பேசிய தலைமைத் தேர்தல் ஆணையர் எஸ். எல். ஷக்தர், வடகிழக்கு மாநிலங்களின் வாக்காளர் பட்டியல்களில் வெளிநாட்டவர் பெருமளவில் இடம்பெற்றிருப்பதாகக் கவலை தெரிவித்தார். நீலகிரிக் குளிரில் அதிகாரிகள் கூடிய ஓர் அவையில் சொல்லப்பட்ட சொற்கள் பிரம்மபுத்திராக் கரையில் ஒரு பேரியக்கத்தின் முதன்மைச் சான்றாக மாறின. நாங்கள் சொல்லவில்லை, தேர்தல் ஆணையரே சொல்கிறார் என்று இயக்கத்தினர் கூற முடிந்தது.

1979 ஜூன் 8 அன்று அனைத்து அஸ்ஸாம் மாணவர் சங்கம் பன்னிரண்டு மணி நேரக் கடையடைப்பு நடத்தியது. வெளிநாட்டவரைக் கண்டறிதல், பட்டியலிலிருந்து நீக்குதல், நாட்டிலிருந்து வெளியேற்றுதல் என்பன கோரிக்கைகள். ஆகஸ்டு இறுதியில் பல அமைப்புகள் இணைந்து அனைத்து அஸ்ஸாம் கண சங்கிராம் பரிஷத்தை உருவாக்கின. இதற்கிடையில் தில்லியில் மொரார்ஜி தேசாய் அரசு வீழ்ந்தது. சரண் சிங் பிரதமரானார். ஆகஸ்டு 22 அன்று மக்களவை கலைக்கப்பட்டது. மங்கல்தோய் இடைத்தேர்தல் பொருளற்றுப்போனது. ஒரு தொகுதியின் சிக்கலாக இருந்தது ஒரே நாளில் மாநிலம் முழுவதன் சிக்கலாயிற்று.

இங்கே தேர்தல் ஆணையம் எதிர்கொண்ட இக்கட்டை நேர்மையாகப் பார்க்க வேண்டும். மக்களவை கலைக்கப்பட்டுவிட்டது. சில மாதங்களுக்குள் நாடு முழுவதும் தேர்தல் நடத்தியாக வேண்டும். இலட்சக்கணக்கானோரின் குடியுரிமையை அந்தக் கால அளவில் முறையாக விசாரிப்பது எந்த நிர்வாகத்துக்கும் இயலாது. விசாரிக்காமல் பெயர்களை நீக்கினால் மெய்யான குடிமக்கள் தங்கள் உரிமையை இழப்பர். ஆகவே இருக்கும் பட்டியலைக்கொண்டே தேர்தலை நடத்துவது என்று முடிவாயிற்று. சட்டத்தின் பார்வையில் இம்முடிவுக்கு நியாயம் உண்டு. ஆனால் பட்டியலில் பிழை இருக்கிறது என்று கவலைப்பட்டதும் அதே ஆணையத்தின் தலைவர்தான். அந்தப் பட்டியலின்மீதே தேர்தல் என்று அறிவித்ததும் அதே ஆணையம்தான். அஸ்ஸாமின் தெருக்களில் இருந்தவர்களுக்கு இது முன்னுக்குப்பின் முரணாகவே தெரிந்தது. முதலில் பட்டியலைத் திருத்துங்கள், பிறகு தேர்தல் என்பது அவர்களுடைய முழக்கமாயிற்று.

வாக்குச்சாவடிகள் திறக்கும் நாள்வரை இயக்கம் காத்திருக்கவில்லை. வேட்புமனுத் தாக்கல் செய்யும் நிலையிலேயே தேர்தலை நிறுத்திவிட அது முடிவு செய்தது. வாக்குப்பதிவு நாளில் ஆயிரக்கணக்கான சாவடிகளை மறிப்பது கடினம். தொகுதிக்கு ஒன்றாக உள்ள தேர்தல் நடத்தும் அலுவலரின் அலுவலகத்தை மறிப்பது எளிது. வேட்பாளர் இல்லையென்றால் வாக்குப்பதிவும் இல்லை. டிசம்பர் தொடக்கத்தில் அந்த அலுவலகங்களின் முன் மக்கள் திரண்டு அமர்ந்தனர். பல அரசியல்வாதிகள் மனுத் தாக்கல் செய்யாமல் ஒதுங்கினர். மறைந்த குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமதின் துணைவியார் பேகம் ஆபிதா அகமது பார்பேட்டா தொகுதியில் மனுத் தாக்கல் செய்ய முன்வந்தார். டிசம்பர் 10 அன்று காவல் பாதுகாப்புடன் சென்ற அவரை பவானிப்பூரில் மக்கள் மறித்தபோது காவல்துறை தாக்கியது. கர்கேஸ்வர் தாலுக்தார் என்ற இளைஞர் உயிரிழந்தார். இயக்கத்தின் முதல் தியாகியாக அவர் கொண்டாடப்படுகிறார். இன்றும் அந்நாள் அஸ்ஸாமில் தியாகிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இரண்டு நாட்களில், டிசம்பர் 12 அன்று, மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. 1978இல் ஆட்சிக்கு வந்த கோலாப் பர்போரா அரசு செப்டம்பரிலேயே வீழ்ந்திருந்தது. அதன்பின் வந்த ஜோகேந்திரநாத் ஹசாரிகா அரசும் மூன்று மாதங்களே நீடித்தது. ஆகவே பொதுத் தேர்தல் நாள் வந்தபோது அஸ்ஸாமுக்குச் சொந்த அரசும் இல்லை. நாடாளுமன்றத்துக்கு ஆளை அனுப்பும் வாய்ப்பும் பெரும்பகுதிக்கு இல்லை.

வாக்களித்த இரண்டு தொகுதிகள் சில்சாரும் கரீம்கஞ்சும். இரண்டும் தெற்கே பராக் பள்ளத்தாக்கில் உள்ளவை. இரண்டிலும் இந்திரா காங்கிரசே வென்றது. சில்சாரில் சந்தோஷ் மோகன் தேவும் கரீம்கஞ்சில் நிகார் ரஞ்சன் லஸ்கரும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அங்கு மட்டும் தேர்தல் நடந்தது ஏன் என்பதற்கு அந்நிலத்தின் மொழி வரலாறே விடை. பராக் பள்ளத்தாக்கின் பெரும்பான்மை மொழி வங்காளம். 1960ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் அஸ்ஸாமிய மொழியை முதன்மைப்படுத்தியபோது அங்குக் கிளர்ச்சி மூண்டது. 1961 மே 19 அன்று சில்சார் தொடர்வண்டி நிலையத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் மாண்டனர். மொழிப் போராட்டத்தில் உயிர்நீத்தோரை நன்கறிந்த தமிழருக்கு இந்நிகழ்வின் எடையை விளக்க வேண்டியதில்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கு ‘அயலவர்’ என்று பேசத் தொடங்கியபோது, அச்சொல் தங்களையும் சுட்டக்கூடும் என்று பராக் மக்கள் அஞ்சினர். ஒரு பள்ளத்தாக்குக்கு வாக்களிக்காமை தன் இருப்பைக் காக்கும் செயல். மற்றொரு பள்ளத்தாக்குக்கு வாக்களிப்பதே தன் இருப்பைக் காக்கும் செயல். ஒரே மாநிலத்தின் இரு பகுதிகள் ஒரே தேர்தலை இப்படி எதிரெதிராகப் புரிந்துகொண்டன.

காலி நாற்காலிகள் பன்னிரண்டும் என்ன செய்தன என்பது அடுத்த வினா. பொதுவாக, எதிர்ப்பின் அடையாளம் என்ற அளவிலேயே அவை பேசப்படுகின்றன. அவற்றின் நடைமுறை விளைவு அதைவிடக் கடுமையானது. ஒரு மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி நடக்கும்போது அம்மாநிலச் சட்டமன்றத்தின் அதிகாரங்கள் 356ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்துக்குச் செல்கின்றன. 1979 டிசம்பருக்கும் 1983 பிப்ரவரிக்கும் இடையில் அஸ்ஸாம் மூன்று முறை அவ்வாட்சியின் கீழ் இருந்தது. இடையிடையே வந்த அன்வாரா தைமூர், கேசவ் சந்திர கோகோய் அரசுகள் 1978ஆம் ஆண்டுச் சட்டமன்றத்தைக்கொண்டே, கட்சித் தாவல்களின் துணையோடு சில மாதங்கள் நடந்தவை. ஆகவே, அஸ்ஸாமின் நிதியையும் சட்டங்களையும் முடிவு செய்யும் பொறுப்பு நாடாளுமன்றத்திடம் இருந்த அந்தக் காலங்களில், மக்களவையில் அஸ்ஸாமுக்காக எழுந்து பேச இருந்தவர்கள் இருவர். அவர்களும் இயக்கத்தை ஏற்காத பகுதியைச் சேர்ந்தவர்கள். 1980ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம் போன்ற கடுஞ்சட்டங்களும் இப்படிப்பட்ட அவையில்தான் நிறைவேறின. புறக்கணிப்பு தில்லிக்கு ஒரு செய்தியைச் சொன்னது. அதே புறக்கணிப்பு தில்லியின் கையில் மாநிலத்தை முழுமையாக ஒப்படைக்கவும் செய்தது.

குரல் இல்லாத அவைக்கு வெளியே, தெருவும் பேச்சுவார்த்தை மேசையுமே அரசியலின் களங்களாயின. 1980 பிப்ரவரி தொடக்கத்தில் பிரதமர் மாணவர் தலைவர்களைச் சந்தித்தார். தொடர்ந்த சுற்றுகள் அனைத்தும் ஒரே இடத்தில் முட்டி நின்றன: எந்த நாள் முதல் வந்தவர் அயலவர்? 1951ஆம் ஆண்டின் தேசியக் குடிமக்கள் பதிவேட்டை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்றது இயக்கம். 1971 என்றது அரசு. இந்த இருபது ஆண்டு இடைவெளிக்குள் அடங்கியவர்கள் இலட்சக்கணக்கானோர். எண்ணெய் எடுத்துச் செல்வதையும் இயக்கம் மறித்தது. குருதி தருவோம், எண்ணெய் தர மாட்டோம் என்ற முழக்கத்தோடு பரவுனி சுத்திகரிப்பு ஆலைக்குச் செல்லும் கச்சா எண்ணெய் ஏறக்குறைய ஓராண்டு தடைப்பட்டது. 1981ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அஸ்ஸாமில் நடைபெறவில்லை. எத்தனை பேர் என்பதே சண்டையாக இருந்த மாநிலத்தில், எண்ணிப் பார்ப்பதற்கான வழியும் அடைபட்டது. அதன்பின் ஒவ்வொரு தரப்பும் தனக்கு வேண்டிய எண்ணைச் சொன்னது. மறுக்க ஆதாரம் எவரிடமும் இல்லை.

1982 மார்ச்சில் சட்டமன்றம் கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. அவசரநிலைக் காலத்தின் படிப்பினையாக நிறைவேறிய 44ஆம் திருத்தம், அவ்வாட்சியை ஓராண்டுக்கு மேல் எளிதில் நீட்டிக்க முடியாதபடி செய்திருந்தது. மக்களாட்சியைக் காக்க வந்த ஒரு திருத்தமே இங்கு ஒரு காலக்கெடுவாக மாறியது என்பது வரலாற்றின் முரண். தேர்தல் நடத்த வேண்டும், அல்லது அரசமைப்பை மீண்டும் திருத்த வேண்டும். எதிர்க்கட்சிகளுடன் உடன்பாடு ஏற்படவில்லை. 1983 பிப்ரவரியில் சட்டமன்றத்துக்கும், மூன்று ஆண்டுகளாகக் காலியாக இருந்த மக்களவை இடங்களுக்கும் தேர்தல் அறிவிக்கப்பட்டது. பட்டியல், 1979ஆம் ஆண்டினதே.

1980இல் வேட்புமனு நிலையில் தடுக்கப்பட்டதால் ஒரு பேரழிவு தவிர்க்கப்பட்டிருந்தது என்பதை 1983 காட்டியது. இம்முறை மாநிலத்துக்கு வெளியிலிருந்து பெருமளவில் படையினர் கொண்டுவரப்பட்டு வாக்குப்பதிவு நடத்தப்பட்டது. இயக்கம் புறக்கணிப்பை அறிவித்தது. வாக்களிப்பவர் ஒரு தரப்பு, வாக்களிக்காதவர் மறுதரப்பு என ஊர்கள் பிளவுண்டன. தேர்தல் நடந்துகொண்டிருந்த அதே வாரத்தில், பிப்ரவரி 18 அன்று, நகாவ் மாவட்டத்தின் நெல்லியிலும் அதைச் சுற்றியிருந்த சிற்றூர்களிலும் வங்காள வழிவந்த முஸ்லிம் உழவர் குடும்பங்கள் சில மணி நேரத்தில் வெட்டிக் கொல்லப்பட்டன. அரசுக் கணக்கின்படியே மாண்டோர் 1,800க்கும் மேல். அவர்களில் பெரும்பகுதியினர் பெண்களும் குழந்தைகளும். வாக்களிப்பு ஏறக்குறைய 33 விழுக்காடு. 126 தொகுதிகளில் 109இல் தேர்தல் முடிந்து, 91 இடங்களுடன் காங்கிரஸ் ஆட்சி அமைத்தது. ஹிதேஸ்வர் சைக்கியா முதலமைச்சரானார். பட்டியல் செல்லாது, எனவே தேர்தலும் செல்லாது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் இந்திரஜித் பருவா வழக்கில் ஏற்கவில்லை. சட்டப்படி தேர்தல் செல்லும். ஆனால் மாநிலத்தில் மூன்றில் இரு பங்கினர் பங்கேற்காத, குருதி தோய்ந்த ஒரு வாக்கெடுப்பின் அரசைத் தம் அரசென்று மக்கள் கருதுவார்களா என்பதை எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்க இயலாது.

அதே ஆண்டில் அயலவரைக் கண்டறியத் தீர்ப்பாயங்களை அமைக்கும் தனிச்சட்டம் அஸ்ஸாமுக்கென்று வந்தது. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்தின்படி, தாம் வெளிநாட்டவர் அல்லர் என மெய்ப்பிக்கும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவர்மீது இருந்தது. புதிய சட்டம் அதைக் குற்றஞ்சாட்டுபவர் பக்கம் மாற்றியது. சிறுபான்மையினருக்கு அது கவசம். இயக்கத்துக்கு அது துரோகம். 2005 ஜூலையில் சர்பானந்த சோனோவால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை நீக்கியது. சுமை மீண்டும் குற்றஞ்சாட்டப்பட்டவர் தோளுக்கே வந்தது.

1984 டிசம்பரில் நாடு மீண்டும் வாக்களித்தது. அஸ்ஸாமும் பஞ்சாபும் வாக்களிக்கவில்லை. 1985 ஆகஸ்டு 15 அன்று, ராஜீவ் காந்தி முன்னிலையில் அஸ்ஸாம் உடன்பாடு கையெழுத்தானது. மாணவர் சங்கத்தின் சார்பில் பிரபுல்ல குமார் மகந்தாவும் பிருகு குமார் புகனும், சங்கிராம் பரிஷத் சார்பில் பிராஜ் சர்மாவும் கையொப்பமிட்டனர். 1966 ஜனவரி 1க்கு முன் வந்தவர் ஏற்கப்படுவர். அன்று தொடங்கி 1971 மார்ச் 24 வரை வந்தவர்களின் பெயர்கள் பத்தாண்டுகளுக்குப் பட்டியலிலிருந்து நீக்கப்படும். அதற்குப் பின் வந்தவர் வெளியேற்றப்படுவர். ஆறாண்டுக் கிளர்ச்சியின் விடை மூன்று தேதிக் கட்டங்களாக எழுதப்பட்டது. இயக்கத்தின் கணக்கில் அதற்குள் உயிரிழந்தவர்கள் 855 பேர். நெல்லியில் மாண்டோர் அந்தப் பட்டியலில் இல்லை. தியாகிகள் பட்டியலுக்கும் வாக்காளர் பட்டியலைப் போலவே ஓர் எல்லைக்கோடு இருந்தது.

அவ்வாண்டு டிசம்பரில் நடந்த தேர்தலில் இரண்டு மாதங்களுக்கு முன் தோன்றிய அஸ்ஸாம் கண பரிஷத் ஆட்சியைப் பிடித்தது. 14 மக்களவை இடங்களில் 7 அதற்குக் கிடைத்தன. மாணவர் விடுதியிலிருந்து நேரே முதலமைச்சர் நாற்காலிக்குச் சென்றார் மகந்தா. பட்டியலுக்காகத் தேர்தலை நிறுத்தியவர்கள் இப்போது பட்டியலைத் திருத்தும் அரசாயினர். விளைவு என்ன? 1989 மக்களவைத் தேர்தல் வந்தபோது பட்டியல் திருத்தம் முடியவில்லை. அஸ்ஸாமின் 14 தொகுதிகளில் ஒன்றில்கூட அத்தேர்தல் நடைபெறவில்லை. 1980இல் இருவராவது இருந்தனர். ஒன்பதாவது மக்களவையில் ஒருவரும் இல்லை. வி. பி. சிங் அரசு வந்ததும் வீழ்ந்ததும் அஸ்ஸாமின் ஒரு வாக்குகூட இல்லாத மக்களவையில்தான். அவ்வரசின் சட்ட அமைச்சர் அஸ்ஸாம் கண பரிஷத்தின் தினேஷ் கோஸ்வாமி. நாடாளுமன்றத்தில் அவர் இடம்பெற்றது மாநிலங்களவை வழியாக. 1990இல் அவர் தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கை இந்தியத் தேர்தல் சீர்திருத்தத்தின் முதன்மையான ஆவணங்களுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. நாட்டின் தேர்தல் முறையைச் சீர்செய்ய அறிவுரை வழங்கியவரின் சொந்த மாநிலம் அந்த மக்களவைக்கு எவரையும் தேர்ந்தெடுக்க முடியாதிருந்தது. 1991இல்தான் அஸ்ஸாம் ஏனைய மாநிலங்களோடு மீண்டும் வாக்களித்தது.

1980, 1984, 1989 என்று மூன்று பொதுத் தேர்தல்களை ஒரு மாநிலம் ஏறக்குறைய முழுமையாகத் தவறவிட்டது. இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை என நான் கருதுவன இரண்டு.

முதலாவது, வாக்காளர் பட்டியல் வெறும் நிர்வாக ஆவணம் என்று எண்ணுவது பெரும்பிழை. அது அரசமைப்பு தன் மக்களை நோக்கி, நீங்கள் இவர்கள் என்று சொல்லும் ஆவணம். அதன்மீது நம்பிக்கை போய்விட்டால் மிக நேர்மையான வாக்குப்பதிவும் பயனற்றது. ஆகவே பட்டியலில் பிழை உண்டு என்று சொல்பவரின் குரலை எள்ளி நகையாடுவது அறிவுடைமையாகாது. மங்கல்தோயில் எழுந்த ஐயங்களைச் சட்டப்படி, பொறுமையாக, காலம் ஒதுக்கித் தீர்த்திருந்தால் வரலாறு வேறு வழியில் சென்றிருக்கக் கூடும்.

இரண்டாவது, பட்டியலைத் தூய்மைப்படுத்துவது என்ற சொல்லுக்குள் இருக்கும் மனிதரை மறந்துவிடக் கூடாது. 1997இல் அஸ்ஸாமில் பலருடைய பெயருக்கு எதிரே ‘ஐயத்துக்குரியவர்’ என்ற குறி இடப்பட்டது. அவர்கள் பட்டியலில் இருந்தனர், ஆனால் வாக்களிக்க முடியாது. 2019 ஆகஸ்டு 31 அன்று வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் 19,06,657 பேர் விடுபட்டனர். அவர்களில் இந்துக்கள், முஸ்லிம்கள், பழங்குடியினர் எனப் பலரும் இருந்தனர். பெயர் எழுத்துப் பிழைகளும், திருமணமாகி வேறூர் சென்ற பெண்கள் தந்தையின் ஆவணத்தோடு தம்மை இணைக்க இயலாமையும் விடுபடலின் காரணங்களுள் அடங்கும். நாற்பதாண்டுப் போராட்டத்தின் முடிவாகக் கருதப்பட்ட அந்தப் பதிவேடு எந்தத் தரப்பையும் நிறைவுசெய்யவில்லை. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரை முன்னறிவிப்பும் விசாரணையும் இன்றி நீக்கக் கூடாது என்று 1995இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன நெறி, இந்த அனுபவங்களுக்கு இடையில்தான் தன் முழுப் பொருளைப் பெறுகிறது.

2025ஆம் ஆண்டின் சிறப்புத் தீவிரத் திருத்தம் பல மாநிலங்களுக்கு விரிவாக்கப்பட்டபோதும் அஸ்ஸாம் அதில் சேர்க்கப்படவில்லை. அங்குக் குடியுரிமைக்கெனத் தனிச் சட்டப்பிரிவு இருப்பதே காரணம். 1985 உடன்பாட்டின் பயனாகக் குடியுரிமைச் சட்டத்தில் சேர்ந்த 6ஏ என்ற அப்பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஆனால் அஸ்ஸாம் அன்று கேட்ட வினா இப்போது ஏனைய மாநிலங்களின் வாசலுக்கு வந்திருக்கிறது. நம் ஊரில் சாவடி நிலை அலுவலர் படிவத்தோடு கதவைத் தட்டும்போது, அவர் கையில் இருக்கும் தாள் எத்தகையது என்பதை அறிந்து அதை நிரப்புவோம். பெயர் விடுபட்ட அண்டை வீட்டாருக்கு விண்ணப்பம் எழுத உதவுவோம். பட்டியலில் தவறாக இருக்கும் பெயரைச் சுட்டுவதும் குடிமகனின் கடமையே. சுட்டப்பட்டவருக்குப் பேச வாய்ப்பளிப்பதும் அதே அளவு கடமை. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டதன் விலையைத்தான் அந்தப் பன்னிரண்டு தொகுதிகளின் மக்கள் செலுத்தினார்கள்.